காட்டு வெங்காயங்களை இனம் காணல்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மேடையில் வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் நான். அத்தகைய பெரும் பொருள்களைத் தொடுவதற்கு எனக்குத் தகுதி போதாது. ஆகவே, "வெங்காயத்தைப் பற்றிப் பேசட்டுமா?" என்று செயலாளரைக் கேட்டேன். அவர் சற்றே திகைத்தார். ஒன்றுக்கும் உதவாத பேச்சை "வெங்காயம்" என்று ஒதுக்குவது நம்மவர் வழக்கம் அல்லவா? நான் பேச விரும்புவது சந்தையில் விற்கும் வெங்காயம் அன்று, மலைகளிலும் புல்வெளிகளிலும் தானே முளைக்கும் காட்டு வெங்காயங்களைப் பற்றி என்று விளக்கிய பிறகே அவர் சம்மதித்தார்.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இரண்டு. கோடைதோறும் நம் குடும்பங்கள் பல பத்ரிநாத்துக்கும் மலையூர்களுக்கும் சென்று வருகின்றன. அங்கே வெங்காயத்தைப் போன்ற செடியைக் கண்டால் கிள்ளி முகர்ந்து பார்க்கவும், வீட்டுக்குக் கொண்டுவரவும் கை துடிக்கிறது. சின்ன வெங்காயம் கிடைக்காத ஊரில் வாழும் நமக்கு அந்த ஆசை இயல்பே. ஆனால் வெங்காயம் போல் தோன்றுவனவற்றுள் உயிருக்கே உலை வைப்பனவும் உண்டு. இது முதற் காரணம். உண்மையான காட்டு வெங்காயங்களுள் சில, இனம் அறியாதார் கையால் வேரோடு பறிக்கப்பட்டு அருகி வருகின்றன என்பது இரண்டாவது காரணம். ஒன்றை மற்றொன்றாக மயங்குவதால் முன்னதில் மனிதனுக்குக் கேடு; பின்னதில் செடிக்குக் கேடு.

பெயர் மட்டும் போதாது

முதலில் பெயரைப் பார்ப்போம். நம் முன்னோர் செடிகளுக்குப் பெயரிட்ட முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. சுரையைப் போலவே இருந்தும் உண்ண ஆகாத கசப்புடையதைப் பேய்ச்சுரை என்றார்கள். புடலைப் போன்றது பேய்ப்புடல். பீர்க்கைப் போன்றது பேய்ப்பீர்க்கு. அவ்வாறே வெங்காயத்தைப் போல் தோன்றி ஏமாற்றுவதற்கு நரிவெங்காயம் என்று பெயர் வைத்தார்கள். "பேய்", "நரி" என்னும் முன்னடைகள் வெறும் அலங்காரங்கள் அல்ல. "உருவத்தைக் கண்டு மயங்காதே, எட்ட நில்" என்னும் எச்சரிக்கையை அவை பெயரிலேயே சுமந்து நிற்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத சிறுவனும் அப்பெயரைக் கேட்ட அளவில் விலகிவிடுவான்.

வடக்கே வந்தபின் இந்தப் பாதுகாப்பு நமக்கு இல்லை. ஹிந்தியில் நரிவெங்காயத்தை "ஜங்லி பியாஸ்" என்கிறார்கள். காட்டு வெங்காயம் என்பது அதன் பொருள். மலைமேல் வளரும் உண்ணத்தக்க வெங்காயங்களையும் சில வேளைகளில் அதே பெயரால் குறிக்கிறார்கள். அது வளரும் இடத்தைத் தெரிவிக்கும் பெயரே தவிர, குணத்தைத் தெரிவிப்பது அன்று. நம்முடைய மருத்துவ நூல்களிலும் நரிவெங்காயத்துக்குக் காட்டு வெங்காயம் என்ற மறுபெயர் உண்டு. ஆகவே ஹிந்தி பேசும் ஒருவர், "ஜங்லி பியாஸ் சாப்பிட நல்லது" என்று சொன்னால், அவர் எதை மனத்தில் கொண்டு சொன்னார் என்பதைச் செடியைப் பார்த்தாலொழிய அறிய வழியில்லை.

என் தொழிலிலிருந்து ஓர் உவமை கூறுகிறேன். சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் என்ற பெரிய சந்திப்பு நிலையம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் பிலாஸ்பூர் ரோடு என்று ஒரு நிலையம் உண்டு. இமாசலப் பிரதேசத்தில் பிலாஸ்பூர் என்று ஒரு மாவட்டமே இருக்கிறது. மூட்டையின்மேல் "பிலாஸ்பூர்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பார்சல் குமாஸ்தா என்ன செய்வான்? "எந்தப் பிலாஸ்பூர்?" என்றுதான் கேட்பான். நிலையத்தின் குறியெழுத்தைக் கண்ட பிறகே சரக்கு நகரும். செடிகளுக்கும் அத்தகைய குறிகள் உண்டு. இயற்கை அவற்றை இலையிலும் தண்டிலும் பூவிலும் கிழங்கின் தோலிலும் பொறித்து வைத்திருக்கிறது. அவற்றைப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. வரிசை தவறாமல் பார்க்கும் பொறுமை வேண்டும்.

வெங்காயக் குலத்தின் அடையாளம்

வெங்காயம், பூண்டு ஆகியவற்றையும் அவற்றின் காட்டு உறவினரையும் சேர்த்துத் தாவர நூலார் "அல்லியம்" என்ற ஒரே பேரினத்தில் அடக்குவர். உலகில் இதன் இனங்கள் ஏறத்தாழ 1,100 என்று கணக்கிடுகின்றனர். இந்தியாவில் உள்ளவை 35 முதல் 40 வரை. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை நம் தலைக்கு மேல் நிற்கும் மேற்கு இமயத்திலேயே இருக்கின்றன. ஆதலால் இதைப் பற்றிப் பேச டேராடூனைக் காட்டிலும் பொருத்தமான ஊர் இல்லை எனலாம்.

ஒரு செடி இக்குலத்தைச் சேர்ந்ததா என்று அறிய முதற் சோதனை மணம். இலையைச் சிறிது நசுக்கி முகர வேண்டும். நசுக்காத வெங்காயத்தில் மணம் மிகக் குறைவு. அதன் உயிரணுக்களுக்குள் கந்தகம் கலந்த பொருளொன்று ஓர் அறையிலும், அதைச் சிதைக்கும் நொதி வேறோர் அறையிலும் தனித்தனியே இருக்கின்றன. நசுங்கும்போது இரண்டும் கலந்து காரமான ஆவி எழுகிறது. நம் தாய்மார்களின் கண்களைக் கலங்க வைப்பதும் இவ்வகை ஆவியே. நரிவெங்காயத்துக்கு இந்த மணம் கிடையாது.

எனினும் இச்சோதனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு முறை உண்மையான காட்டு வெங்காயத்தைக் கசக்கிய விரலில் அந்த மணம் நெடுநேரம் தங்கிவிடும். அதே விரலால் அடுத்த செடியைக் கசக்கினால், அது எதுவாயினும் வெங்காயமாகவே மணக்கும். ஐரோப்பாவில் காட்டுப் பூண்டு இலை பறிக்கச் செல்பவர், அதனிடையே வளரும் "கோல்சிகம்" என்னும் நச்சுச் செடியின் இலையையும் சேர்த்துப் பறித்து உண்டு இறந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அக்கோல்சிகத்தின் மஞ்சள் பூ உறவினம் ஒன்று நம் மேற்கு இமயத்திலும் உண்டு. எனவே மணம் இல்லையென்றால் அது வெங்காயம் அன்று என்று உறுதியாகத் தள்ளலாம். மணம் இருக்கிறது என்பதனால் மட்டும் வெங்காயம் என்று கொள்ளலாகாது.

இரண்டாம் சோதனை பூ. வெங்காயத்தாளின் நடுவே எழும் தண்டின் உச்சியில் பூக்கள் உருண்டையாகக் கூடி நிற்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அப்பூக்களின் காம்புகள் அனைத்தும் ஒரே புள்ளியிலிருந்து, குடைக் கம்பிகளைப் போல விரிகின்றன. மலர்வதற்கு முன் அந்தக் கொத்து முழுவதையும் மெல்லிய சருகு போன்ற உறை மூடியிருக்கும். ஒவ்வொரு பூவிலும் இதழ் ஆறு, மகரந்தக் கேசரம் ஆறு. எல்லா அல்லியங்களுக்கும் இக்குடை அமைப்பு பொது. பூக்கள் ஒரே தண்டின் நெடுகிலும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கினால் அது வேறு குலம்.

கிழங்கை நறுக்கினால் அடுக்கடுக்காகத் தோல் வந்தால் வெங்காயம்தானே என்று சிலர் எண்ணுவர். அது பிழை. நரிவெங்காயமும் உரிக்க உரிக்க அடுக்காகவே வரும். அடுக்கு, அடையாளம் ஆகாது.

வேடம் பூண்டவை

இனி, வெங்காயம் அல்லாதவற்றை முதலில் விலக்கிவிடுவோம். நரிவெங்காயத்தின் இன்றைய தாவரப் பெயர் டிரிமியா இண்டிகா. பழைய நூல்களில் அர்ஜினியா இண்டிகா என்றிருக்கும். சோழ மண்டலக் கடற்கரை மணலிலும் இது உண்டு. இமயத்தின் வறண்ட அடிவாரக் குன்றுகளிலும் உண்டு. ஊரில் இதைப் பார்த்தவர்கள் இங்கும் பார்க்கலாம். கிழங்கு பெரியது, வெளிறிய நிறமுடையது. கோடையில் இலை ஒன்றுமே இல்லாமல், மண்ணிலிருந்து நீண்ட தண்டு மட்டும் எழுந்து நிற்கும். அதன் நெடுகிலும் மங்கிய பச்சையும் பழுப்பும் கலந்த சிறு மணி போன்ற பூக்கள் இடைவிட்டுத் தொங்கும். பூ ஓய்ந்தபின்னரே பட்டையான இலைகள் தோன்றும். இலை இருக்கும்போது பூவும், பூ இருக்கும்போது இலையும் இராமையால், மழைக்காலத்தில் இலையை மட்டும் காண்பவர் ஏமாறுகிறார்கள். கிழங்கின் வழவழப்பான சாறு தோலில் பட்டால் அரிப்பெடுக்கும்.

இதன் கிழங்கில் இதயத்தின் துடிப்பைத் தாக்கும் பொருள்கள் இருக்கின்றன. அளவறிந்த மருத்துவர் கையில் அது மருந்து. அளவறியாத நம் கையில் நஞ்சு. தவறி உண்டால் வாந்தியும் பேதியும் தோன்றி, நாடித் துடிப்பு மந்தமாகித் தாறுமாறாகும். அந்நிலையில் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உண்ட செடியின் மிச்சத்தையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எதை உண்டார் என்று மருத்துவர் அறிவது பாதிச் சிகிச்சைக்குச் சமம்.

அடுத்தது, சமவெளி வயல்களில் கோதுமைக்கும் கடலைக்கும் இடையே களையாக முளைக்கும் "பியாஸி". தாவரப் பெயர் அஸ்போடெலஸ் டெனுயிபோலியஸ். இதன் குழல் போன்ற இலையைக் கண்டால் வெங்காய நாற்று என்றே எண்ணத் தோன்றும். பெயரும் வெங்காயத்தை ஒட்டியே அமைந்துவிட்டது. ஆனால் பிடுங்கிப் பார்த்தால் கிழங்கே இராது. நார்வேர் மட்டும் இருக்கும். பூத்தண்டு பல கிளைகளாகப் பிரியும். வெண்ணிற இதழ் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரிய கோடு ஓடும். நசுக்கினால் மணம் இல்லை. ஆக, ஒரே பார்வையில் மூன்று குறிகள் இதைக் காட்டிக் கொடுத்துவிடுகின்றன.

உடன்பிறந்தாரை வேறுபடுத்தல்

அயலாரை விலக்கியாயிற்று. இனி உடன்பிறந்தாரைப் பிரித்தறிய வேண்டும். இது சற்று நுண்ணிய வேலை. நான் கைக்கொள்ளும் வரிசை இது: முதலில் இலை, பிறகு தண்டு, பிறகு பூவின் நிறமும் கேசரத்தின் நீளமும், கடைசியாகக் கிழங்கின் மேல்தோல்.

இலையைக் கொண்டு இமய வெங்காயங்களை இரு கட்சியாகப் பிரிக்கலாம். பட்டை இலைக் கட்சி ஒன்று. குழல் இலை அல்லது நூல் இலைக் கட்சி மற்றொன்று.

பட்டை இலையாரில் முதலில் நிற்பது அல்லியம் வாலிச்சி. கல்கத்தா தாவரத் தோட்டத்தை நெடுங்காலம் நிர்வகித்த வாலிச் என்னும் அறிஞரின் பெயரால் 1843-ல் பெயர் பெற்றது. இதன் இலை அகன்று நீண்டு, நடுவில் தெளிவான நரம்போடு இருக்கும். பூத்தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். உருளாமல் முனை தட்டும். ஏனெனில் தண்டு முக்கோண வடிவம். பூ, செந்நீலத்திலிருந்து கருமை கலந்த ஊதா வரை இருக்கும். இதழ்கள் நட்சத்திரம் போல் விரியும். கிழங்கு பெரிதாகத் திரளாது; அதற்குப் பதிலாகத் தடித்த வேர்கள் கொத்தாக இருக்கும்.

இதற்கு மிக நெருங்கிய சாயலுடையது அல்லியம் ஹூக்கெரி. அதே பட்டை இலை, அதே நடுநரம்பு, அதே தடித்த வேர். ஆயினும் தண்டு உருளை. பூ வெள்ளை அல்லது பச்சை கலந்த வெள்ளை. இது கிழக்கு இமயத்துக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் உரியது. மணிப்பூரில் "மரோய் நபக்பி" என்ற பெயரோடு வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கிறார்கள். அங்கேயே "மரோய் நகுப்பி" என்று வேறோர் அல்லியமும் உண்டு. ஒரே சொல்லுக்குப் பின்னடை மாற்றி இரண்டையும் பிரித்து வைத்திருக்கும் அம்மக்களின் நுட்பம், நம் பேய்ச்சுரை, நரிவெங்காயத்தை நினைவூட்டுகிறது.

இன்னொரு ஜோடி அல்லியம் கரோலினியானமும் அல்லியம் ஹுமிலேயும். முன்னது லடாக், லாஹூல் போன்ற குளிர்ந்த வறண்ட மேட்டு நிலங்களில், கற்குவியல்களுக்கிடையே வளரும். இலை தடித்து, அரிவாள் போல் வளைந்து, சாம்பல் பூத்த நிறத்தில் இருக்கும். தண்டு உறுதியானது. பூக்கள் நெருங்கிய உருண்டையாக நிற்கும். கேசரங்கள் இதழுக்கு வெளியே நீண்டிருக்கும். பின்னதன் பெயருக்கே "தாழ்ந்தது" என்பது பொருள். பனி உருகி ஓடும் ஈர நிலத்தில் குட்டையாக வளர்ந்து, தூய வெண்ணிற நட்சத்திரப் பூக்களைத் தளர்ந்த கொத்தாகத் தாங்கும். கேசரம் இதழுக்குள்ளேயே அடங்கியிருக்கும். இடம், நிறம், உயரம் மூன்றும் வேறாதலால் இவ்விரண்டையும் பிரிப்பது எளிது.

கரோலினியானம் என்ற பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவின் கரோலினா நாட்டைச் சுட்டும் பெயர் அது. ஆனால் அச்செடி அந்நாட்டுக்கு உரியதே அன்று. இமயமும் மத்திய ஆசியாவுமே அதன் தாயகம். 1804-ல் வைத்த பெயர் இன்றுவரை மாறவில்லை. பாமர மக்களின் வழக்குப் பெயர்தான் மயக்கும், இலத்தீன் பெயர் மயக்காது என்று எண்ணுவோருக்கு இது ஒரு பாடம்.

நூல் இலைக் கட்சியில்தான் உண்மையான சிக்கல். அல்லியம் ஸ்கோனோபிரேசம் என்பது மேல்நாட்டார் "சைவ்ஸ்" என்று அழைத்துச் சமையலில் தூவும் செடி. நம் மேற்கு இமயத்திலும் காடாக வளர்கிறது. அல்லியம் பிரெஸ்வால்ஸ்கியானம் என்பது ருஷ்ய தேச யாத்திரிகர் ஒருவரின் பெயர் பெற்றது. இரண்டும் செந்நிற, ஊதா நிறப் பூக்கள் உடையவை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றே. அருகில் சென்றால், முன்னதன் இலை தெளிவான குழல். பின்னதன் இலை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பருமனே உள்ள நூல். முன்னதன் கேசரங்கள் இதழுக்குள் ஒளிந்திருக்கும். பின்னதன் கேசரங்கள் இதழைத் தாண்டி, ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் வெளியே நீட்டி நிற்கும். முன்னதன் கிழங்கின் மேல்தோல் தாள் போன்றது. பின்னதன் தோல் செந்நிறம் ஓடி, நுண்ணிய வலை பின்னியது போல் இருக்கும். பூ இல்லாத காலத்தில் இந்த வலைத்தோலே நல்ல சாட்சி. ஆனால் அதைப் பார்ப்பதற்காகச் செடியைப் பிடுங்க வேண்டாம். அடிமண்ணை விரலால் சிறிது விலக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் மூடிவிடலாம்.

புதிதாகப் பெயர் பெற்ற பழைய செடி

இப்போது நம் மாநிலத்துக்கே பெருமையான ஒரு செய்தி. சமோலி மாவட்டத்தில் நீத்திப் பள்ளத்தாக்கில் மலாரி என்று ஓர் எல்லையோரக் கிராமம் இருக்கிறது. அங்கே வளரும் ஒரு நூலிலை வெங்காயத்தைத் தேசியத் தாவர மரபு வளங்கள் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019-ல் கவனித்தார்கள். மேற்போக்கில் பார்த்தால் அது நான் சற்று முன் சொன்ன பிரெஸ்வால்ஸ்கியானத்தையே ஒத்திருந்தது. நுணுகி ஒப்பிட்டு, அது தனி இனமே என்று 2021-ல் உலகுக்கு அறிவித்தார்கள். வெங்காயக் குலச் செடிகளைத் தேடித் தேடிச் சேர்த்த மறைந்த அறிஞர் குல்தீப் சிங் நேகி அவர்களின் நினைவாக அதற்கு அல்லியம் நேகியானம் என்று பெயரிட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேல் 3,000 முதல் 4,800 மீட்டர் உயரத்தில், "புக்யால்" எனப்படும் உயர்ந்த புல்வெளிகளிலும் ஓடைக்கரை மணலிலும் அது வளர்கிறது. மேற்கு இமயத்தில் சில இடங்களுக்கு அப்பால் அது இருப்பதாக அறியப்படவில்லை.

அன்பர்களே, விஞ்ஞானத்துக்கு அது 2021-ல் பிறந்த செடி. அங்கு வாழும் போட்டியா இன மக்களுக்கோ அது அடுப்பங்கரைத் துணை. அதைத் தாளிதத்துக்குத் தலைமுறை தலைமுறையாக அவர்கள் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். இவ்வளவு காலம் அது ஏன் ஏட்டில் ஏறவில்லை? தன்னை ஒத்த மற்றொன்றின் பெயரில் மறைந்து நின்றதே காரணம். பெயர் பெறாத செடியைப் பாதுகாக்கச் சட்டமும் முன்வராது. எத்தனை இருக்கிறது, எத்தனை அழிந்தது என்ற கணக்கும் தொடங்காது. இனம் காண்பது வெறும் பொழுதுபோக்கு அன்று என்று நான் கருதுவது இதனால்தான்.

ஜம்புவும் வடகமும்

கடுகு வெடித்ததும் தாளிப்பு வடகத்தைக் கிள்ளிப் போடும் வழக்கமுள்ள நமக்கு, மலையூர்ச் சமையல் அந்நியமாகத் தோன்றாது. கடுகும் சின்ன வெங்காயமும் சேர்த்து உருட்டி வெயிலில் காய வைப்பது நம் வடகம். இங்கே மலைமக்கள் காட்டு வெங்காயத்தின் இலையையும் பூவையும் உலர்த்தி வைத்துக்கொண்டு, காய்ந்த நெய்யில் ஒரு சிட்டிகை இட்டுப் பருப்பிலும் உருளைக்கிழங்கிலும் கொட்டுகிறார்கள். அதை "ஜம்பு" என்றும் "ஃபரண்" என்றும் சொல்வார்கள். நேபாளத்தில் "ஜிம்பு". பத்ரிநாத் வழிக் கடைகளில் சிறு பொட்டலங்களாகக் கிடைக்கும்.

ஆனால் ஜம்பு என்பது ஒரே செடியின் பெயர் அன்று. அல்லியம் ஸ்டிரேச்சி என்னும் இனத்தையே பலர் இப்பெயரால் குறிப்பர். 1874-ல் நூலேறிய அச்செடி, இந்தியத் தாவரங்களுக்கான சிவப்பு ஏட்டில் அழியும் அபாயத்துக்கு உள்ளாகக் கூடியது என்று குறிக்கப்பட்டுள்ளது. நேபாளத்து ஜிம்புவிலோ அல்லியம் ஹிப்சிஸ்டம், பிரெஸ்வால்ஸ்கியானம் ஆகிய இரண்டும் இடம் பெறுகின்றன. நேகியானமும் இந்தக் கூட்டத்தில் கலந்திருந்ததே. உலர்த்தி ஒடித்துப் பொட்டலம் கட்டிய பிறகு எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. இலையின் வடிவம், தண்டின் முக்கோணம், கிழங்கின் வலைத்தோல் எல்லாம் மறைந்து மணம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. தண்டவாளத்தில் சீட்டுக் கிழிந்த மூட்டை போலத்தான் அதன் நிலை.

நாம் செய்யத்தக்கவை

ஆதலால் மலைக்குச் செல்லும் நம்மவர்க்கு நான்கு வேண்டுகோள்கள் விடுக்கிறேன்.

முதலாவது: காட்டில் கண்டதைச் சமைக்காதீர்கள். இச்சொற்பொழிவைக் கேட்டு ஆறு குறிகளை அறிந்துகொண்டதால் நாம் நிபுணராகிவிடவில்லை. குறிகள் கண்டு மகிழ்வதற்கு உரியவை; உண்பதற்கு, அச்செடியோடு பிறந்து வளர்ந்த ஊரார் கைகாட்ட வேண்டும்.

இரண்டாவது: குழந்தைகளுக்கு நரிவெங்காயத்தை அதன் தமிழ்ப் பெயராலேயே சொல்லிக் கொடுங்கள். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் ஹிந்தியே பேசுகிறார்கள். "ஜங்லி பியாஸ்" என்ற சொல்லில் இல்லாத எச்சரிக்கை நம் சொல்லில் இருக்கிறது. தாய்மொழியை ஏன் காக்க வேண்டும் என்று கேட்போருக்கு இதைவிடக் கண்கூடான விடை வேறு என்ன சொல்ல முடியும்?

மூன்றாவது: கிழங்கைப் பிடுங்காதீர்கள். இலையைக் கிள்ளினால் செடி மறுபடி தழைக்கும். கிழங்கோடு எடுத்தால் அந்த இடத்தில் அடுத்த ஆண்டு ஒன்றும் இராது. பனிக்கு நடுவே சில மாதங்களே வளர வாய்ப்புள்ள செடி அது. மலர்ப் பள்ளத்தாக்கு போன்ற தேசியப் பூங்காக்களில் இலையைக் கிள்ளுவதும் கூடாது. அங்கே கண்ணுக்கு மட்டுமே உரிமை.

நான்காவது: ஜம்பு வாங்குவதானால், தம் தோட்டத்தில் பயிரிட்டு விற்கும் மலைமக்களிடம் கேட்டு வாங்குங்கள். "இது பயிரா, காட்டில் பறித்ததா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் அவ்வாறு கேட்டால் விற்பவரும் யோசிப்பார். பயிரிடுபவருக்கு நாலு காசு கிடைக்கும். காட்டுச் செடிக்கு மூச்சுவிட அவகாசம் கிடைக்கும்.

மேலும் அறிய விரும்பும் இளைஞர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1906-ல் தோன்றிய வன ஆராய்ச்சி நிலையம் இவ்வூரிலேயே இருக்கிறது. நாம் அதன் செங்கல் மாளிகையின் முன்னால் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். உள்ளே உள்ள அருங்காட்சியகங்களையும் ஒரு முறை பொறுமையாகச் சுற்றிப் பாருங்கள். காடு என்பது ஒரே பச்சை அன்று, ஒவ்வொரு செடிக்கும் ஒரு முகம் உண்டு என்பது அப்போது புலப்படும்.

தெற்கிலிருந்து வந்த நம் அனைவரையும் ஒரு காலத்தில் இங்குள்ளவர்கள் "மதராஸி" என்ற ஒரே பெயரால் அழைத்தார்கள். இன்றும் சிலர் அழைக்கிறார்கள். தமிழரென்றும் மலையாளியரென்றும் தெலுங்கரென்றும் கன்னடரென்றும் பிரித்தறியாமல் ஒரே மூட்டையாகக் கட்டினால் நமக்கு எவ்வளவு வருத்தமாக இருக்கிறது! அதே வருத்தம் வாய் பேசாத அந்தச் செடிகளுக்கும் உண்டென்று எண்ணிக்கொண்டு, அவற்றை அவற்றின் பெயராலும் குறியாலும் அறிந்துகொள்ள முயல்வோமாக.